ஓடும் நீரில் கூழ்மத் துகள் எவ்வளவு விரவும்: ஒரு கண்ணாடிக் குழாயில் அளந்து பார்க்கும் முறை

அரை மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) மணியை, அதாவது ஒரு கூழ்மத் துகளை, அசையாத நீரில் விட்டால், 28 டிகிரி செல்சியஸில் அதன் விரவல் குணகம் (அது தானாகப் பரவும் வேகத்தின் அளவு) வினாடிக்கு ஏறக்குறைய 1 சதுர மைக்ரான். அதே மணிகளை 20 மைக்ரான் இடைவெளி உள்ள தட்டையான கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, வினாடிக்கு வெறும் 2 மைக்ரான் சராசரி வேகத்தில் நீரை ஓடவிட்டுப் பாருங்கள். ஓட்டத்தின் திசையில் அவை பரவும் அளவு எட்டு மடங்கைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் நீர் ஒரு மில்லிமீட்டர் போக எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு மெதுவான ஓட்டம் விரவலை இந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதைத் தன் கையால் அளந்து பார்க்கும் மாணவர் அதற்குப் பிறகு அதை மறப்பதில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு புராஜெக்ட் செய்ய வரும் முதுகலை மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் சோதனை இதுதான்.

காரணம் எளிது. இரண்டு சுவர்களுக்கு நடுவே நீர் ஓடும்போது சுவரை ஒட்டிய நீர் நிற்கிறது, நடுவில் உள்ள நீர் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் போகிறது. துகள் தன் பிரவுனியன் இயக்கத்தால், அதாவது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் ஒழுங்கற்ற அசைவால், சுவருக்கும் நடுவுக்கும் இடையே அலைகிறது. நடுவில் அதிக நேரம் இருந்த மணி முன்னால் போய்விடும், சுவரோரம் தங்கிய மணி பின்தங்கும். குறுக்கே நடக்கும் விரவலும் உயரத்துக்கு உயரம் மாறும் நெடுக்கு வேகமும் சேர்ந்து நீளவாக்கில் ஒரு கூடுதல் பரவலை உண்டாக்குகின்றன. ஜி. ஐ. டெய்லர் 1953-ல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைக் குழாயில் ஓடவிட்டு இதைக் காட்டினார். ஆரிஸ் 1956-ல் கணக்கை முழுமையாக்கினார். தட்டையான இடைவெளிக்கு அவர்கள் வழியில் வரும் விடை இது: கூடுதல் பரவல் = (சராசரி வேகம் × இடைவெளி)-யின் வர்க்கம் ÷ (210 × விரவல் குணகம்). நம் எண்களைப் போட்டால் 40-இன் வர்க்கம் 1600, அதை 210-ஆல் வகுத்தால் 7.6. அசல் விரவலான 1-ஐச் சேர்த்தால் 8.6.

விரவல் குணகம் வகுக்கும் இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். மெதுவாக விரவும் பெரிய துகள்தான் ஓட்டத்தில் அதிகமாகப் பரவும். இந்தச் சோதனை முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகிறது.

எண்களை முதலில் தீர்மானியுங்கள்

குழாயை வாங்கிவிட்டு அதற்கேற்ற துகளைத் தேடுவது பலரும் செய்வது. நான் நேரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு துகள் இடைவெளி முழுவதையும் சுற்றிப் பார்க்க எடுக்கும் நேரத்துக்குப் பிறகுதான் டெய்லர் சூத்திரம் பொருந்தும். இடைவெளியின் வர்க்கத்தை விரவல் குணகத்தால் வகுத்து, அதையும் 40-ஆல் வகுத்தால், வேக வித்தியாசத்தின் நினைவு மங்கும் நேரம், அதாவது மணி தான் தொடங்கிய உயரத்தின் வேகத்தை மறக்கும் நேரம், கிடைக்கும். 20 மைக்ரானுக்கும் அரை மைக்ரான் மணிக்கும் அது சுமார் 10 வினாடி. ஆக, ஒவ்வொரு மணியையும் ஒரு நிமிடமாவது விடாமல் தொடர வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் மிக வேகமான மணி 180 மைக்ரான் போகும். பத்து மடங்கு லென்ஸில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தெரியும், அதனால் இது வசதியான கணக்கு. 50 மைக்ரான் இடைவெளியை எடுத்தால் நேரம் ஆறு மடங்கு கூடும். படப் பரப்பை விட்டு மணிகள் ஓடிவிடும், கடைசியில் கையில் மிஞ்சுவது அரைகுறைப் பாதைகள்.

மணியின் அளவுக்கும் ஒரு காரணம் உண்டு. பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05, நீரைவிடக் கொஞ்சம் அதிகம். 1 மைக்ரான் மணி என்றால் புவியீர்ப்பும் வெப்ப அசைவும் சமன்படும் உயரம் 16 மைக்ரான்தான். நம் இடைவெளியைவிடச் சிறியது, எனவே மணிகள் அடியில் கூடும். அரை மைக்ரான் மணிக்கு அதே உயரம் 130 மைக்ரான் அளவுக்கு வரும், இடைவெளி முழுக்க ஏறக்குறைய சமமாக நிறையும். சிலிக்கா மணி வேண்டாம். 1 மைக்ரான் சிலிக்கா அடித்தளத்திலிருந்து ஒரு மைக்ரான் உயரத்துக்குள்ளேயே கிடக்கும், நடு ஓட்டத்தைப் பார்க்கவே பார்க்காது.

குழாயும் கலவையும்

20 மைக்ரான் உயரமும் 200 மைக்ரான் அகலமும் உள்ள செவ்வகக் கண்ணாடிக் குழாய்கள் 5 சென்டிமீட்டர் நீளத்தில் கடையிலேயே கிடைக்கும். சிலிக்கோன் ரப்பரில் அச்சு வார்த்தும் செய்யலாம். ஆனால் அந்த ரப்பர் அழுத்தத்தில் லேசாக உப்பும், நீராவியையும் விடும். இந்த அளவு மெதுவான ஓட்டத்துக்குக் கண்ணாடிதான் என் தேர்வு.

ஒளிரும் மணிக் கலவை பெரும்பாலும் ஒரு சதவீதச் செறிவில் வரும். அதை 2000 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். படத்தின் நடுப்பகுதியில் 200 மணி அளவுக்குத் தெரியும், ஒன்றுக்கொன்று 25 மைக்ரான் தள்ளி. இதைவிட நெருக்கமானால் பாதைகள் குறுக்கிட்டு மென்பொருள் குழம்பும்.

நீர்க்கச் செய்ய வெறும் அயனி நீக்கிய நீரை எடுக்காதீர்கள். அதில் மணிக்கும் கண்ணாடிக்கும் இடையிலான மின் விலக்கம் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் வரை நீளும், இடைவெளி குறுகிவிட்டதுபோல் ஆகும். 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் அந்த நீளம் சுமார் 10 நானோமீட்டராகச் சுருங்கும். நூறு மடங்கு உப்பு போட்டால் விலக்கம் அடங்கி மணிகள் கண்ணாடியில் ஒட்டத் தொடங்கும். குழாயின் இரு பக்கத் தொட்டிகளிலும் ஒரே பாட்டிலில் இருந்து எடுத்த அதே கலவையை ஊற்றுங்கள். உப்புச் செறிவில் வித்தியாசம் இருந்தால் அந்தச் சரிவே மணிகளை இழுத்துக்கொண்டு போகும். ஓட்டம் என்று நீங்கள் அளப்பதில் அதுவும் கலந்துவிடும்.

நிரப்பும்போது குழாயின் ஒரு முனையை மட்டும் கலவையில் தொடவிடுங்கள், அதுவே ஏறிக்கொள்ளும். இரண்டு முனையையும் ஒன்றாக முக்கினால் நடுவில் குமிழ் மாட்டும்.

ஓட்டத்தை உண்டாக்குவது

எல்லோரும் சிரிஞ்ச் பம்பைத்தான் முதலில் தேடுவார்கள். கணக்கைப் பாருங்கள்: 20-க்கு 200 மைக்ரான் வாய், வினாடிக்கு 2 மைக்ரான் வேகம். ஒரு மணி நேரத்துக்கு 0.03 மைக்ரோலிட்டர். ஒரு மில்லி சிரிஞ்சில் இதைத் தள்ள, பிஸ்டன் ஒரு மணி நேரத்தில் 2 மைக்ரானுக்கும் குறைவாக நகர வேண்டும். மோட்டார் படிப்படியாக உதறும், ரப்பர் முனை ஒட்டி ஒட்டி விடும். நீளப் பரவலை அளக்கும் சோதனையில் ஓட்டம் துடித்தால் அந்தத் துடிப்பும் பரவல் மாதிரியே தெரியும்.

நீர் மட்ட வித்தியாசம்தான் சரியான வழி. ஒரே அளவுள்ள இரண்டு பெட்ரி தட்டுகள், அகலம் 5 சென்டிமீட்டராவது இருக்கட்டும். சின்னப் பாத்திரமானால் விளிம்பில் நீர் ஏறி நிற்கும் வளைவே மட்டக் கணக்கைக் கெடுக்கும். ஒரு தட்டை மேஜையில் வையுங்கள், மற்றதை மைக்ரோமீட்டர் திருகுள்ள தாங்கியில். ஒற்றை 5 சென்டிமீட்டர் குழாய்க்கு 1 மில்லிமீட்டர் மட்ட வித்தியாசம் வினாடிக்கு 7 மைக்ரானுக்கு மேல் வேகம் தரும், நமக்கு அது அதிகம். அதே குழாய்கள் நான்கைச் சிலிக்கோன் டியூப் துண்டுகளால் தொடராக இணைத்தால் 1 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2 மைக்ரான் கிடைக்கும், திருகைத் திருப்பக் கைக்கும் வசதி.

இரு தட்டுகளுக்கும் மூடி போடுங்கள், சிறு துளை மட்டும் விட்டு. ஏசிக் காற்று ஒரு தட்டின்மேல் நேராக அடித்தால் அது மட்டும் வேகமாக வற்றும், மாலைக்குள் ஓட்டத்தின் திசையே மாறிப்போகலாம். இணைப்பில் ஒரு நுண்கசிவு இருந்தாலும் அங்கே ஆவியாகும் நீர், நாம் ஓட்டும் நீரைவிட அதிகமாக இருக்கக்கூடும். இணைப்புகளை ஒளியில் இறுகும் பசையால் அடைத்து, திசுத்தாள் நுனியை ஒவ்வொன்றிலும் தொட்டுப் பாருங்கள்.

இரு மட்டங்களும் உண்மையில் எங்கே சமமாகின்றன என்று கண்ணால் தேட வேண்டாம். திருகை +1, 0, −1 மில்லிமீட்டரில் வைத்து மணிகளின் சராசரி வேகத்தை அளந்து ஒரு கோடு வரையுங்கள். கோடு பூஜ்யத்தை வெட்டும் இடம்தான் சம மட்டம். கோடு நேராக வரவில்லை என்றால் எங்கோ குமிழோ கசிவோ இருக்கிறது, அதைச் சரி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

படம் எடுப்பது

இங்கே எதிர்பாராத ஒரு யோசனை சொல்கிறேன்: நல்ல லென்ஸ் வேண்டாம். எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் ஆயில் லென்ஸில் ஒரு மைக்ரான் தடிமன்தான் துல்லியமாகத் தெரியும். நடுத்தளத்தில் இருக்கும் மணிகள் மட்டும் கண்ணில் படும், அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். மேலோ கீழோ நகர்ந்த மணி படத்திலிருந்து காணாமல் போகும். பரவலை உண்டாக்குவதே அந்த மேல்-கீழ் அலைச்சல், அதையே வெட்டி எறிந்துவிட்டு அளந்தால் விடை குறைவாகத்தான் வரும். பத்து மடங்கு, 0.25 துளை எண் (லென்ஸ் ஒளியை வாங்கும் கோணத்தின் அளவு) உள்ள சாதாரண லென்ஸுக்குக் குவிய ஆழம் பத்து மைக்ரானைத் தாண்டும். நடுத்தளத்தில் குவித்தால் இரு சுவரோர மணிகளும் கொஞ்சம் மங்கலாகவேனும் தெரியும். ஒரு பிக்சல் 0.65 மைக்ரான் என்றாலும், ஒளிப்புள்ளியின் மையத்தைப் பத்தில் ஒரு பிக்சலுக்குக் கண்டுபிடிக்க முடியும்.

எல்லா உயரத்து மணிகளும் கிடைக்கின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஐந்து வினாடி இடப்பெயர்ச்சிகளை எடுத்து வேகப் பரவல் வரையுங்கள். அதிகபட்சம் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு அருகில் இருக்க வேண்டும். விரவல் அந்த விளிம்பைக் கொஞ்சம் மங்கச் செய்யும், பரவாயில்லை. சராசரியே அதிகபட்சத்தை ஒட்டி நின்றால் சுவரோர மணிகள் விடுபடுகின்றன.

குழாயின் அகலத்தில் நடுவில் உள்ள 100 மைக்ரானை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவருக்கு அருகில் ஓட்டம் வேறு மாதிரி. வினாடிக்கு 5 படம், பத்து நிமிடம். ஒளி படும் நேரம் 50 மில்லிவினாடிக்குள் இருந்தால் போதும், அசைவு மங்கல் நம் கணக்கைத் தொடாது.

வெப்பநிலையைக் குழாயின் பக்கத்தில் அளந்து எழுதுங்கள். அறையின் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி உதவாது. நீரின் பாகுநிலை ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் மாறும், விரவல் குணகம் அதைவிடச் சற்று அதிகமாக மாறும். சென்னையில் மே மாதம் ஏசி நின்று நின்று ஓடும்போது மேடை மூன்று டிகிரி ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஏசியை நிறுத்திவிட்டு, விளக்கையும் கேமராவையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் தொடங்குவது நல்லது. வியர்க்கும், ஆனால் எண் நிற்கும்.

குறுக்கு அசைவை முதலில் கணக்கிடுங்கள்

மணிகளைக் கண்டுபிடித்து இணைக்க பைத்தானில் டிராக்பை என்ற மென்பொருள் போதும். குரோக்கரும் கிரியரும் 1996-ல் எழுதிய முறையைத்தான் அது பின்பற்றுகிறது. பாதைகள் கிடைத்ததும் எல்லோரும் ஓட்டத் திசைக்குத்தான் ஓடுவார்கள். பொறுங்கள். படத்தளத்திலேயே ஓட்டத்துக்குக் குறுக்கான திசை ஒன்று இருக்கிறதே, அங்கேதான் தொடங்க வேண்டும். அந்தத் திசையில் நீர் ஓடவில்லை. டெய்லர் விளைவும் அங்கே இல்லை. ஓட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே மணி அசைவது தன் சொந்த விரவலால் மட்டுமே. அதாவது, ஒரே படத்தில், ஒரே வெப்பநிலையில், அதே மணிகளிடமிருந்தே அசல் விரவல் குணகம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரியை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும், அதன் சாய்வில் பாதி விரவல் குணகம். கோடு பூஜ்யத்தில் தொடங்காமல் கொஞ்சம் மேலே தொடங்கும். அது மையம் கண்டுபிடிப்பதில் உள்ள பிழை, சாய்வை அது பாதிக்காது.

ஐன்ஸ்டைன் 1905-ல் தந்த சூத்திரப்படி 28 டிகிரிக்கு 1.06 வர வேண்டும். உங்களுக்கு 1.0-ஐ ஒட்டி வந்தால் பதற வேண்டாம். சுவர்கள் செய்யும் வேலை அது. சுவருக்கு அருகில் மணி நகரும்போது, அது தள்ளிவிடும் நீர் எளிதில் விலகிப் போக முடியாது, இழுவை கூடுகிறது. மணியின் மையம் சுவரிலிருந்து ஒரு விட்டத் தூரத்தில் இருக்கும்போது சுவருக்கு இணையான விரவல் 72 சதவீதமாகவும், சுவரை நோக்கிய விரவல் பாதிக்கும் சற்றுக் குறைவாகவும் இறங்குகிறது. இணையான திசைக்கான கணக்கை ஸ்வீடன் நாட்டு ஃபாக்ஸன் 1922-ல் போட்டார். நம் 20 மைக்ரான் இடைவெளி முழுவதற்கும் சராசரி எடுத்தால் இழப்பு 6 சதவீதம் அளவில் நிற்கும். ஓட்டம் நிறுத்திய படத்திலும் ஓட்டம் உள்ள படத்திலும் குறுக்கு விரவல் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் குழாய் படத்தில் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். 5 டிகிரி சாய்வு இருந்தாலே நீளப் பரவலின் ஒரு பங்கு குறுக்குத் திசையில் கசிந்து 6 சதவீதம் கூட்டிக் காட்டும். எல்லாப் பாதைகளின் சராசரித் திசையைக் கண்டுபிடித்து அச்சுகளைச் சுழற்றிவிட்டால் தீர்ந்தது.

பிறகு நெடுக்கு அசைவு

ஒவ்வொரு நேர இடைவெளிக்கும், எல்லா மணிகளின் சராசரி நகர்வைக் கழித்துவிட்டு, மிச்சத்தின் வர்க்கச் சராசரியைப் போடுங்கள். இரு அச்சும் மடக்கை அளவில் இருக்கட்டும். மூன்று பகுதிகள் தெரியும். முதல் ஓரிரு வினாடிகள் சாதாரண விரவல்போலவே இருக்கும், குறுக்குக் கோட்டை விட்டு மெல்ல விலகும். அடுத்து நேரத்தின் வர்க்கத்தைப் போலக் கோடு செங்குத்தாக ஏறும். ஒவ்வொரு மணியும் தான் இருக்கும் உயரத்தின் வேகத்திலேயே இன்னும் போய்க்கொண்டிருக்கும் கட்டம் அது. நம் எண்களுக்கு இரண்டரை வினாடியில் இந்தப் பங்கு அசல் விரவலுக்குச் சமமாகிறது. 30 வினாடிக்கு மேல் மணிகள் எல்லா உயரங்களையும் பார்த்துவிட்டிருக்கும், கோடு மறுபடி சாதாரண விரவலின் சாய்வுக்குத் திரும்பும், ஆனால் வெகு மேலே. குறுக்கும் நெடுக்கும் ஒரே தாளில் இருக்கும்போது அந்த விலகல் கண்ணில் அறைகிற மாதிரி தெரியும். இந்த வரைபடத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

8.6-ஐ எடுக்கும்போது ஒரு கவனம். 60-வது வினாடியில் நெடுக்கு எண்ணைக் குறுக்கு எண்ணால் வகுத்தால் ஏழரை போலத்தான் வரும். தொடக்க வினாடிகளில் பரவல் முழு வேகத்தை எட்டாததால் அந்தப் பாக்கி கூடவே வரும். 30 முதல் 60 வினாடி வரையுள்ள சாய்வை எடுங்கள், அதைக் குறுக்குச் சாய்வால் வகுங்கள். பத்து நிமிடப் படத்தில் 3 முதல் 5 சதவீதம் பிழைக்குள் பிடிக்க முடியும்.

இன்னொரு பொறி, இதை யாரும் எழுதி வைப்பதில்லை. நீண்ட பாதைகளை மட்டும் வடிகட்டி எடுக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. படத்தின் விளிம்பைத் தாண்டி முதலில் வெளியேறுபவை வேகமான மணிகள், உள்ளே நீண்ட நேரம் இருப்பவை மெதுவானவை. நீளத்தை வைத்து வடிகட்டினால் வேகமானவர்களை நீங்களே வெளியே அனுப்பிவிடுகிறீர்கள். ஓட்டம் நுழையும் பக்கத்திலிருந்து தொடங்கி, வெளியேறும் விளிம்புக்கு 250 மைக்ரான் முன்புவரை உள்ள தொடக்கப் புள்ளிகளை மட்டும் கணக்கில் எடுங்கள். அப்போது மிக வேகமான மணியும் ஒரு நிமிடம் படத்துக்குள் இருக்கும்.

குழாய் 200 மைக்ரான் அகலம் என்பதால், போதுமான நேரம் காத்திருந்தால் பக்கச் சுவர்களின் மெதுவான நீரும் கணக்கில் சேர்ந்து, அகலமான செவ்வகக் குழாயில் டெய்லர் பங்கு, மேல்-கீழ் சுவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைவிட 8 மடங்கு வரை போகும். ஆனால் அதற்கு மணி அகலம் முழுவதும் அலைய வேண்டும், பல மணி நேர வேலை. நம் ஒரு நிமிடத்தில் அது எட்டிப் பார்க்காது.

அளவை மாற்றிப் பாருங்கள்

அரை மைக்ரானில் எண் சரியாக வந்தபின், 1 மைக்ரான் மணிக்குப் போங்கள். விரவல் குணகம் பாதியாகும். அதே வேகத்தில் டெய்லர் பங்கு இரண்டு மடங்காகி 15-ஐத் தொடும். சோம்பலான துகள் ஓட்டத்தில் தூரமாகச் சிதறுவதை இந்த ஒப்பீட்டில்தான் நேராகப் பார்க்கலாம். நினைவு மங்கும் நேரமும் இரட்டிப்பாகும், எனவே பாதைகள் இரண்டு நிமிடம் வேண்டும், விளிம்பில் விடும் தூரத்தை 500 மைக்ரானாக்குங்கள். அடியில் படிவதைத் தவிர்க்க நீரில் பாதிக்குக் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) கலந்தால் அடர்த்தி 1.05-க்கு வந்துவிடும். பாகுநிலை பத்து சதவீதம் அளவுக்கு உயரும், ஆகவே பழைய விரவல் குணகத்தைக் கொண்டுவந்து போடாமல், அதே படத்தின் குறுக்கு அசைவிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரு தட்டிலும் கனநீர் விகிதம் ஒன்றாக இருக்கட்டும். கலவையைத் திறந்து வைக்க வேண்டாம், கனநீர் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு மெல்ல சாதாரண நீராகிவிடும்.